புண் ஆறுகிறது, முழங்கால் ஏன் ஆறுவதில்லை?

தம்பி, உன் கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நீடாமங்கலம் பக்கத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாய். குறுவைக்கு வரப்பு வெட்டும்போது அப்பாவின் புறங்காலில் மண்வெட்டி பட்டு ஐந்து தையல் போட்டார்கள். பன்னிரண்டு நாளில் தையல் பிரித்தாயிற்று, புண்ணும் மூடிவிட்டது. ஆனால் தழும்பைத் தாண்டி விரல் பக்கம் மரத்துக் கிடக்கிறது. அதே வீட்டில் அப்பாயிக்கு முழங்கால் ஜவ்வு தேய்ந்துவிட்டது, இனி வளராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாயிக்கும் கையில் அரிவாள்மணை பட்டால் புண் ஆறத்தானே செய்கிறது, முழங்கால் மட்டும் ஏன் ஆறாது? எபிதீலியம், இணைப்பு, தசை, நரம்பு என்று நான்கு வகைத் திசுவையும் மனப்பாடம் செய்தேன், பதில் அதில் இல்லையே என்று கேட்டிருக்கிறாய்.

முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவள் நான். திசுப் பாடம் நடத்திய ஒவ்வொரு வருடமும், யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று இருக்கும். பதில் அந்த நான்கு வகைக்குள்ளேதான் இருக்கிறது. நாம் அதைப் பட்டியலாகப் படிப்பதால் தெரியாமல் போகிறது.

திசு என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸில் பிஷா என்று ஓர் இளம் மருத்துவர் இருந்தார். நூற்றுக்கணக்கான உடல்களை அறுத்துப் பார்த்தவர். நுண்ணோக்கியை அவர் நம்பவில்லை. உறுப்புகளை ஊறவைத்து, வேகவைத்து, காயவைத்து, அமிலத்தில் போட்டு, கையாலும் கண்ணாலும் பிரித்தார். இதயம், குடல், நுரையீரல் என்று உறுப்புகள் வேறு வேறாக இருந்தாலும் அவை சில குறிப்பிட்ட துணிகளால் தைத்தவை போல இருக்கின்றன என்று கண்டு, அப்படி 21 வகைகளைச் சொன்னார். பிரெஞ்சில் அவற்றுக்கு அவர் வைத்த பெயரின் பொருள் ‘நெய்தது’. அதைத்தான் நாம் ஒலியை மட்டும் எடுத்துத் திசு என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்கு ‘இழையம்’ என்று பெயர். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும், ஏனென்றால் அதில் இழை தெரிகிறது. 1802-ல் 30 வயதிலேயே பிஷா இறந்துவிட்டார். செல்தான் அடிப்படை என்று ஷ்வானும் ஷ்லைடனும் சொன்னது அதற்கும் முப்பத்தைந்து வருடம் கழித்து, 1838, 1839-ல்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘ஒரே மாதிரியான செல்கள் கூடி ஒரே வேலையைச் செய்தால் அது திசு’ என்று நீ எழுதும் வரையறை பாதிதான். திருபுவனத்தில் தறியில் பட்டு நெய்வதைப் பார்த்திருப்பாய். பாவு உண்டு, ஊடை உண்டு, இடையில் ஓடுகிற நாடா உண்டு. திசுவிலும் செல் மட்டும் இல்லை. செல்களுக்கு நடுவே அந்தச் செல்களே சுரந்து வைத்த பொருளும் உண்டு. சில திசுவில் செல் நெருக்கம், நடுப்பொருள் கொஞ்சம். சில திசுவில் நடுப்பொருள்தான் எல்லாம், செல் அங்கொன்றும் இங்கொன்றும். உன் கேள்விக்கான பதிலில் பாதி இந்த வித்தியாசம்தான்.

செல்லைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை, உன் புத்தகம் அதை நன்றாகவே சொல்கிறது. மனித உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் என்பது இப்போதைய கணக்கு. எண்ணிக்கையில் அவற்றுள் பெரும்பாலானவை ரத்தச் சிவப்பணுக்கள். சிவப்பணு போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுமார் 2 மீட்டர் நீள டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிறது, எல்லாவற்றிலும் ஒரே எழுத்து. அப்படியானால் தோல் செல் ஏன் தோலாக இருக்கிறது, நரம்பு செல் ஏன் நரம்பாக இருக்கிறது? ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே பஞ்சாங்கம்தான் தொங்குகிறது. கல்யாணம் வைத்திருக்கிற வீடு முகூர்த்தப் பக்கத்தைப் புரட்டும், திதி கொடுக்க வேண்டிய வீடு அமாவாசையைப் பார்க்கும். செல்லும் அப்படித்தான், தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் திறந்து வைத்து மற்றதைக் கட்டிப் போட்டுவிடுகிறது. ஒரு வேலையில் ஆழமாக இறங்கிய செல் பல நேரம் பிரிந்து பெருகும் திறமையை விட்டுக்கொடுத்துவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்.

1855-ல் விர்கோ என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்: செல் இன்னொரு செல்லிலிருந்துதான் வரும். ரத்தத்திலிருந்தோ சீழிலிருந்தோ தானாக உறைந்து உருவாகாது. நம் ஊர் பேச்சில் சொன்னால், நாற்று இல்லாமல் நடவு இல்லை. எந்தத் திசு ஆறும், எது ஆறாது என்று தெரிய வேண்டுமானால் ஒரு வயலைப் பார்க்கிற மாதிரி மூன்று கேள்வி கேட்டால் போதும். அங்கே நாற்று இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? வரப்பு நிற்கிறதா? நாற்று என்றால் பிரிந்து பெருகக்கூடிய செல். தண்ணீர் என்றால் ரத்தம். வரப்பு என்றால் செல்கள் உட்கார வேண்டிய சட்டம், அதாவது நான் சொன்ன நடுப்பொருளின் அமைப்பு.

முதலில் அப்பாவின் கால்.

தோலின் மேலடுக்கு எபிதீலியத் திசு. செல்கள் செங்கல் மாதிரி நெருக்கமாக ஒட்டி அடுக்கடுக்காக இருக்கும், நடுவில் இடமே இல்லை. அடியில் இருக்கிற ஒரு வரிசைதான் நாற்றங்கால். அது நாள்தோறும் பிரிந்துகொண்டே இருக்கிறது. பிறந்த செல் மேலே தள்ளப்பட்டு, கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்பி, செத்து, தட்டையாகி, சுமார் ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடுகிறது. கண் இமையில் இந்த மேல்தோல் 0.05 மில்லிமீட்டர், உள்ளங்காலில் சுமார் 1.5 மில்லிமீட்டர். மண்வெட்டி பிடிக்கிற கையில் அழுத்தம் படப்பட நாற்றங்கால் வேகமாக வேலை செய்து கெரட்டினைக் குவிக்கிறது, அதைத்தான் கை காய்த்துப்போச்சு என்கிறோம். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, அதனால் அந்தத் தடித்த கெரட்டின் காய்ந்தால் வெடிக்கும். அதுதான் பித்தவெடிப்பு. நடவுக்காலத்தில் நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் இதற்கு நேர்மாறு: கெரட்டின் ஊறி இளகி, விரல் இடுக்கில் காவல் தளர்ந்து, பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே போகின்றன. சேற்றுப்புண் வருகிறது. என் அம்மா நடவு நட்ட வருடங்களில் ராத்திரி மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். கழுவித் துடைத்து உலரவிடுவதுதான் அதில் முக்கியமான மருந்து என்று பிறகு படித்தபோது தெரிந்தது.

மண்வெட்டி இந்த மேல்தோலைத் தாண்டி அடித்தோலையும் வெட்டிவிட்டது. அடித்தோல் இணைப்புத் திசு. அங்கேதான் ரத்தக்குழாய், நரம்பு, வியர்வைச் சுரப்பி, முடியின் வேர் எல்லாம் இருக்கின்றன. வெட்டுப்பட்ட சில நிமிடங்களில் ரத்தத் தட்டுகள் ஒட்டி அடைக்கின்றன, ஃபைப்ரின் என்ற நூல் வலை பின்னிக்கொள்கிறது. முதல் ஓரிரு நாள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வந்து கிருமியோடு மல்லுக்கட்டுகின்றன. பிறகு மேக்ரோஃபேஜ்கள் வந்து செத்ததையெல்லாம் விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்கின்றன; அதோடு நிற்காமல் அடுத்த கட்ட வேலைக்காரர்களுக்கு ஆள் அனுப்புவதும் அவைதான். அதன்பின் தந்துகிகள் என்ற மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள் புதிதாக முளைக்கின்றன, ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் நூலைச் சுரக்கின்றன. ஆழமான புண்ணில் சிவந்து மணிமணியாகச் சதை தெரியும். கட்டு மாற்றுகிற நர்ஸ் ‘நல்ல சதை பிடிச்சிருக்கு’ என்று சொல்வது இதைத்தான். அதற்கு மேல், புண்ணின் விளிம்பிலிருந்து தோல் செல்கள் ஊர்ந்து வந்து மூடுகின்றன.

இதில் ஓர் அழகு உண்டு. முட்டியில் சிராய்ப்பு ஏற்பட்டால் ஓரத்திலிருந்து மட்டும் தோல் வளர்வதில்லை, நடுவிலும் தீவு தீவாக முளைக்கும். முடியின் வேரையும் வியர்வைக் குழாயையும் சுற்றி அடியாழம் வரை எபிதீலியச் செல்கள் இறங்கியிருக்கின்றன. மேலே எல்லாம் போனாலும் அங்கே நாற்று பத்திரமாக இருக்கிறது. ஆழமான தீக்காயத்தில் அந்த வேர்களும் கருகிவிட்டால் நடுவில் நாற்றே இல்லை. அதனால்தான் வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து வைக்கிறார்கள்.

அடித்தோல் பழையபடி வருவதில்லை. அங்கே வரப்பு உடைந்துவிட்டது. அவசரத்துக்கு ஃபைப்ரோபிளாஸ்ட் கொலாஜனைப் போட்டு அடைக்கிறது, அந்த அடைப்புதான் தழும்பு. அதில் முடி முளைக்காது, வியர்க்காது. தையல் பிரிக்கும்போது அந்த இடத்துக்குப் பழைய வலுவில் பத்தில் ஒரு பங்கு வந்திருந்தாலே பெரிது. மூன்று மாதத்தில் எண்பது சதவீதம் வரை ஏறும், முழுதாக வருவதே இல்லை. அதனால் தையல் பிரித்த மறுநாளே அப்பா மண்வெட்டியை மிதிக்க வேண்டாம். சேறு பட்ட காயம் என்பதால் டிடி ஊசி போட்டார்களா என்றும் கேட்டுக்கொள். ரண ஜன்னிக் கிருமி மண்ணிலேயே வாழ்வது.

கொலாஜன் என்று சொன்னேனே, நம் உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதம் அதுதான். அதன் வடிவத்தைக் கண்டுபிடித்த பெருமை சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. 1954-ல் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அது மூன்று இழை முறுக்கிய அமைப்பு என்று சொன்னார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை நாரில் புரி திரித்து, மூன்று புரியை ஒன்றாக முறுக்கிக் கயிறாக்குவார்களே, அதே போல. அந்த மூன்று புரியும் பிரியாமல் நிற்க உடம்புக்கு வைட்டமின் சி வேண்டும். அது அடியோடு கிடைக்காவிட்டால் ஆறிய பழைய தழும்புகூட மறுபடி விட்டுக்கொள்ளும். கடலோடிகளுக்கு அந்தக் காலத்தில் வந்த ஸ்கர்வி நோயில் அப்படி நடந்தது. புண் ஆறுகிற நாட்களில் அப்பாவுக்குக் கொய்யாவோ நெல்லிக்காயோ கொடு.

ரத்தமும் இணைப்புத் திசுதான் என்று புத்தகத்தில் படித்துக் குழம்பியிருப்பாய். எல்லாரும் குழம்புகிற இடம் அது. அங்கே நடுப்பொருள் திரவமாக இருக்கிறது, அவ்வளவுதான். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை ஆறாகி, ஏ, பி, சி, டி வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகிறதே, அதே மாதிரி பெருந்தமனி கிளைத்துக் கிளைத்து ஒரு சிவப்பணு மட்டும் நுழையும் தந்துகியாக முடிகிறது. பெரும்பாலான செல்களுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தூரத்துக்குள் ஒரு தந்துகி உண்டு. பாய்ந்த தண்ணீர் வடியவும் வேண்டும் அல்லவா? தந்துகியிலிருந்து கசிந்ததில் நாளுக்குச் சுமார் 3 லிட்டர் நிணநீர்க் குழாய் வழியாகத்தான் ரத்தத்துக்குத் திரும்புகிறது. அந்த வடிகாலில் புழு குடியிருந்து கெடுத்துவிட்டால் கால் வீங்கி, தேங்கிய நீரில் இணைப்புத் திசு தடித்து இறுகிப்போகும். ஒரு காலத்தில் கும்பகோணம் பகுதியில் நிறையப் பேர் பட்ட யானைக்கால் நோய் அதுதான்.

இப்போது அப்பாயியின் முழங்கால்.

நாம் ஜவ்வு என்று பேச்சில் சொல்வது மூன்று நான்கு வேறு பொருளைக் குறிக்கும். தேய்மானம் என்று டாக்டர் சொன்னால் அது பெரும்பாலும் எலும்பின் முனையில் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. சில மில்லிமீட்டர் கனம். வெள்ளையாக, வழவழப்பாக, இளம் தேங்காய்ப் பருப்பு மாதிரி இருக்கும். இதுவும் இணைப்புத் திசுதான். ஆனால் அதன் கன அளவில் செல் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. மீதி எல்லாம் கொலாஜன் வலையும், அந்த வலைக்குள் நீரை இழுத்துப் பிடிக்கும் சர்க்கரைப் புரதமும், நீரும். செல்கள் தனித்தனிக் குழிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. நகர்ந்து போய் ஒரு கிழிசலை அடைக்க அவற்றால் முடியாது. வளர்ச்சி நின்ற பிறகு அவை பிரிவதும் அநேகமாக இல்லை. நாற்று இல்லை என்று வைத்துக்கொள்.

தண்ணீரும் இல்லை. குருத்தெலும்புக்குள் ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது. நம் டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒரே சொல் போதும்: கடைமடை, வாய்க்கால் தண்ணீர் எட்டாத கடைசி வயல். அங்கே உணவு எப்படிப் போகிறது தெரியுமா? கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தி நீரை வெளியே விடுகிறது, கால் எடுக்கும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நடைதான் அதற்கு ஏற்றம் இறைப்பது. அதனால் வலிக்கிறது என்று அப்பாயி நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் இருக்கிற கொஞ்சமும் பட்டினி கிடக்கும்.

குருத்தெலும்பில் நரம்பும் இல்லை. அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? அடியில் இருக்கும் எலும்பும், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும் வலிக்கின்றன. தேய்மானம் தொடங்கிப் பல வருடம் யாருக்கும் தெரியாமல் இருப்பதற்கு இதுவே காரணம். வலி வரும்போது பாதி வயல் போயிருக்கும்.

கடைமடைதான் காரணம் என்பதற்கு முழங்காலுக்குள்ளேயே சாட்சி உண்டு. இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் மெனிஸ்கஸ் என்று ஒரு திண்டு இருக்கிறது. அதன் வெளி விளிம்புக்கு ரத்தம் வருகிறது, உள் விளிம்புக்கு வருவதில்லை. வெளி விளிம்பில் கிழிந்தால் தைத்து ஆற்றலாம். உள் விளிம்பில் கிழிந்தால் பெரும்பாலும் ஆறாது. ஒரே திண்டு, ஒரே நார். தண்ணீர் வரும் எல்லையில்தான் வித்தியாசம்.

என்னை மிகவும் உலுக்கிய ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுச் சோதனை நடத்தின. அதனால் உலகக் காற்றில் கார்பன்-14 கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. 1963-ல் ஒப்பந்தம் போட்டு நிறுத்திய பிறகு அது வருடா வருடம் குறைந்து வந்தது. பயிர் காற்றிலிருந்து கார்பனை எடுக்கிறது, நாம் பயிரைச் சாப்பிடுகிறோம். ஆகவே உடம்பின் ஒரு பொருளில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்தால் அது எந்த வருடம் உண்டானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க்கில் இந்த முறையில் முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனை அளந்து 2016-ல் வெளியிட்டார்கள். வளரும் வயதில் போட்ட கொலாஜன்தான் கடைசிவரை இருக்கிறது, புதிதாக அநேகமாக ஒன்றும் சேர்வதில்லை என்று தெரிந்தது. தேய்மானம் வந்த முழங்காலிலும் அப்படியே. உன் அப்பாயி அறுபதுகளில் சிறுமியாகத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்ட சோற்றின் கார்பன் இன்னும் அவர் முழங்காலில் இருக்கிறது. அறுபது வருட நடவும் களையெடுப்பும் அந்த ஒரே துணி மேல்தான் நடந்திருக்கிறது.

அப்பாயிக்கு என்ன செய்யலாம்? எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது. ஒரு கிலோ குறைந்தால் நடக்கிற ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குகிற பயிற்சி, தொடையின் முன்தசைக்கு. தரையில் குந்துவதைக் குறைத்துச் சமதளத்தில் தினமும் கொஞ்சம் நடப்பது. எந்த அளவு என்பதை அவரைப் பார்த்த டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுக்கொள். ஊசி போட்டால் குருத்தெலும்பு முளைத்துவிடும் என்று ஸ்டெம் செல் பெயரைச் சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தேய்ந்த முழங்காலில் அது பழையபடி வளரும் என்பது நிரூபிக்கப்படவில்லை. நிலத்தை அடகு வைத்து அதைச் செய்ய வேண்டாம் என்று வீட்டில் சொல்.

குருத்தெலும்புக்குக் கீழே தொட்டுக்கொண்டிருக்கும் எலும்பின் கதையே வேறு. பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அதற்குள் ரத்தம் ஓடுகிறது. பழையதை அரிக்கும் செல்லும் புதியதைக் கட்டும் செல்லும் எப்போதும் வேலையில் இருக்கின்றன, வருடத்துக்கு எலும்புக்கூட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. ஒடிந்தால் தழும்பு இல்லாமல், எலும்பாகவே சேரும். தசையில் நாருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சில காப்புச் செல்கள் தூங்குகின்றன, காயம் பட்டால் விழித்துப் பிரிந்து நாரைச் சரிசெய்கின்றன. 1961-ல்தான் அவற்றைக் கண்டார்கள். இதயத் தசைக்கு அந்த வசதி இல்லை. அதே கார்பன் முறையில் ஸ்வீடனில் 2009-ல் கணக்கிட்டபோது, 25 வயதில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒரு இதயத் தசைச் செல்தான் மாறுகிறது, 75 வயதில் அதிலும் பாதி என்று வந்தது. மாரடைப்பில் செத்த இடம் தழும்பாகவே நிற்பது இதனால்தான். பல் எனாமல் இன்னும் மோசம். அதைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே போய்விடுகின்றன. சொத்தை விழுந்த குழியை நிரப்ப ஆள் இல்லை.

ரத்தம் இல்லாத இடம் எல்லாம் ஆறாது என்று இதற்குள் முடிவு கட்டிவிடாதே. கண்ணின் கருவிழிப் படலத்திலும் ரத்தக்குழாய் இல்லை, இருந்தால் பார்வை மறைக்கும். ஆனாலும் நெல் தூற்றும்போது பதர் பட்டு மேலே கீறினால் ஓரிரு நாளில் சுவடில்லாமல் மூடிவிடும். அங்கே கறுப்பும் வெள்ளையும் சேரும் வட்ட விளிம்பில் நாற்றங்கால் இருக்கிறது, வெளிக்காற்றின் ஆக்ஸிஜன் கண்ணீரில் கரைந்து வருகிறது. தண்ணீர் வேறு வழியில் வந்துவிடுகிறது. கீறல் ஆழமாகிக் கொலாஜன் அடுக்கு கலைந்தால் மட்டும் தழும்பு வெள்ளையாகத் தங்கிவிடும், கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். பயிர், பதர் பட்ட கண்ணில் பூஞ்சை பிடிப்பது நம் பக்கம் நிறைய. இலைச்சாறு விடாமல், கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் போடாமல், அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

கன்னத்தின் உட்பக்கம் ஆறுகிற வேகமும் அப்படித்தான், சாப்பிடும்போது கடித்துக்கொண்ட இடம் ஒரு வாரத்தில் காணாமல் போகும். பள்ளியில் கன்னத்தைச் சுரண்டி மெத்திலீன் புளூ போட்டு நுண்ணோக்கியில் பார்த்திருப்பாய், அந்தத் தட்டைச் செல்கள்தான் உதிர்ந்து உதிர்ந்து புதிதாகின்றன. வெற்றிலைக்கொடிக்கால் சூழ்ந்த நம் ஊரில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வருடக்கணக்காகப் பாக்கு மென்றால் அந்த மெல்லிய போர்வைக்கு அடியில் இருக்கும் இணைப்புத் திசுவில் கொலாஜன் தேவைக்கு மேல் குவிந்து இறுகுகிறது. வாயைத் திறக்கவே முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் அறிக்கை வெளியிட்டது. அப்பாயி பாக்கு போடுபவர் என்றால் அவர் வாயை எத்தனை விரல் அளவுக்குத் திறக்க முடிகிறது என்று பார். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடியவில்லை என்றால் பல் டாக்டரிடம் அழைத்துப் போ.

மிச்சம் இருப்பது அப்பாவின் கால் மரத்திருப்பது. அது நரம்புத் திசு.

அந்த விரலைத் தொட்டால் உணரும் நரம்பு செல்லின் உடல் காலில் இல்லை, கீழ்முதுகில் தண்டுவடத்தை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே செல்லின் கிளை புறங்கால் வரை ஓடுகிறது. நரம்பு செல் பிரிவதில்லை, ஆகவே புது நாற்று கிடையாது. ஆனால் மண்வெட்டி வெட்டியது கிளையைத்தான், செல் முதுகில் பத்திரமாக உயிரோடு இருக்கிறது. வெட்டுக்கு அப்பால் கிளையின் நுனி செத்துப்போனாலும், அதைச் சுற்றியிருந்த உறை ஒரு குழாயாக விரல் வரை நிற்கிறது. வரப்பு நிற்கிறது. உயிருள்ள முனை அந்தக் குழாயைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்குள் மெதுவாக வளரும், நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். மூளையிலும் தண்டுவடத்திலும் இது நடப்பதில்லை, கை கால் நரம்பில் நடக்கும்.

ஒரு ஸ்கேல் எடுத்துத் தழும்பிலிருந்து மரத்த விரல் நுனி வரை அள. 12 சென்டிமீட்டர் என்றால் 120 நாள், முனை வெட்டைத் தாண்ட ஆகும் சில வாரத்தையும் சேர்த்துக்கொள். மரத்த விரலிலிருந்து தழும்பை நோக்கி உன் விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வா. ஓர் இடத்தில் அப்பாவுக்குச் சுரீர் என்று விரல் பக்கம் இழுக்கும். முதலில் அப்படி இழுக்கிற இடம்தான் வளரும் நரம்பின் முனை வந்து நிற்கும் இடம். அதற்குப் பேனாவால் புள்ளி வைத்து, தழும்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று தேதியோடு நோட்டில் எழுது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதையே செய். இழுப்பு வரும் இடம் முன்னால் நகர்ந்துகொண்டே போனால் நரம்பு வந்துகொண்டிருக்கிறது. மூன்று மாதமாகியும் தழும்பிலேயே நின்றால், நோட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டு. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடு. உணர்வு திரும்பும்வரை வயலில் இறங்கும்போது அந்தக் காலுக்குச் செருப்போ ரப்பர் பூட்ஸோ வேண்டும், நத்தை ஓடு கிழித்தாலும் அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கு வரை நீ ஒரு தடவை பார்த்துவிடு.